டி'க்ரூஸ் ஏன் சேவ் ஆகவில்லை?

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. பாளையங்கோட்டையில் ஒரு நண்பருடைய டியூஷன் சென்டர் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவோம். வேலையில் இருப்பவர்கள் ஏழெட்டுப் பேர், கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். யாருக்கு என்ன தெரியுமோ அதை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, எழுதிய நிரலைக் காட்டுவது, மாட்டிக்கொண்ட இடத்தைக் கேட்பது. அவ்வளவுதான் அந்தக் கூட்டம்.

அன்றைக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் முதல்முறையாக வந்திருந்தார். பி.காம். சி.ஏ. இரண்டாம் வருஷம். தோழியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தவர். அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னபோது, "எங்க மாமா வாடகைப் பாத்திரக்கடை வச்சிருக்காங்க. சேர், அண்டா, ஷாமியானா எல்லாம் யாருக்குப் போயிருக்கு, எப்ப திரும்பி வரணும்னு பாக்க ஒரு வெப்சைட் பண்ணிருக்கேன். பிஎச்பில" என்றார்.

எங்கள் குழுவில் மூத்தவர் ஒருவர் உடனே, "பிஎச்பியா? அது இன்னும் உயிரோட இருக்கா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பத்து வருஷம் அந்த மொழியிலேயே வேலை பார்த்து அலுத்தவர். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? திறந்த லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, மீதி நேரம் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். டீ வந்தபோது தோழியிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அடுத்த மாதம் தோழி மட்டும் வந்தார். "அவ வரலைன்னுட்டா அண்ணா. பைத்தான் கத்துக்கிட்டு வரேன்னா." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "அவ ஒண்ணு கேக்கத்தான் வந்தா. எல்லார் பேரும் சேவ் ஆகுது, டி'க்ரூஸ்னு இங்கிலீஷ்ல போட்டா மட்டும் சேவ் ஆகல. எர்ரரும் வரல. ஏன்னு தெரியாம ஒரு வாரம் உக்காந்து பாத்துட்டு இருந்தா."

தூத்துக்குடியில் வாடகைப் பாத்திரக்கடை நடத்துகிறவருக்கு டி'க்ரூஸும் டி'சோசாவும் வாடிக்கையாளர்கள். அந்தப் பெயர்கள் ஏறாத பதிவேட்டை வைத்துக்கொண்டு அந்த ஊரில் ஒரு கல்யாண சீசனைக்கூடத் தாண்ட முடியாது.

நிரல் எழுதியவர்களுக்குக் கேட்ட மாத்திரத்தில் காரணம் புரிந்திருக்கும். தரவுத்தளத்துக்கு அனுப்பும் கட்டளையில் பெயரை ஒற்றை மேற்கோள்குறிகளுக்குள் வைத்து அனுப்புகிறோம். டி'க்ரூஸின் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் குறியைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று தரவுத்தளம் நினைத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் 'க்ரூஸ்' அதற்குப் புரியாத கட்டளை. தூக்கிப் போட்டுவிடுகிறது. அந்தக் குறியை வேண்டுமென்றே பெயர்க் கட்டத்தில் வைத்து, பின்னால் தன் கட்டளையை ஒட்டி அனுப்பத் தெரிந்த ஒருவன் மாமாவின் மொத்தப் பதிவேட்டையும் படிக்கலாம், அழிக்கலாம். எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்று உலகம் முழுக்கப் பயப்படும் ஓட்டை அதுதான். அந்தப் பெண் அந்த ஓட்டையைத் தன் கண்ணாலேயே கண்டுபிடித்துவிட்டு, பெயர் தெரியாமல் கேட்க வந்திருக்கிறார்.

இங்கேதான் எனக்கு வலிக்கிறது. பிஎச்பியைப் பற்றி அன்றைக்கு உண்மையிலேயே சொல்ல வேண்டிய விமர்சனம் இருந்தது. அந்த விமர்சனம் அவருக்குத் தேவைப்பட்டது. நாங்கள் சிரித்தோம், ஆனால் விமர்சிக்கவே இல்லை.

சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1994-இல் தன் சொந்த இணையப் பக்கத்துக்காக எழுதிக்கொண்ட சில கருவிகள்தான் பிஎச்பி. 1995 ஜூனில் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். ஒரு மொழியை உருவாக்கும் திட்டத்தோடு அது தொடங்கவில்லை. தேவை வரவரச் சேர்த்துக்கொண்டே போனார்கள். அதன் தழும்புகள் இன்றும் தெரியும். ஒரு சரத்துக்குள் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் வைக்கோற்போரை முதலில் கொடுத்து ஊசியைப் பிறகு கொடுக்க வேண்டும். அதுவே ஒரு பட்டியலில் தேடினால் ஊசி முதலில், வைக்கோற்போர் பிறகு. பதிப்பு 7 வரைக்கும் 0 == "வணக்கம்" என்று கேட்டால் ஆமாம், சமம்தான் என்று பதில் சொல்லும். எண்ணோடு ஒப்பிடுகிறோமே என்று சொல்லையும் எண்ணாக்கப் பார்க்கும். 'வணக்க'த்தில் எண் ஏதும் இல்லாததால் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். 2020 நவம்பரில் வந்த பதிப்பு 8-இல்தான் இதைத் திருத்தினார்கள்.

டி'க்ரூஸ் கதைக்கு வருவோம். ஆரம்ப காலத்தில், புதியவர்கள் இந்த மேற்கோள்குறியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பிஎச்பிக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். வெளியிலிருந்து வரும் எல்லாத் தரவிலும் அந்தக் குறிக்கு முன்னால் தானாகவே ஒரு பின்சாய்கோட்டைச் சேர்த்துவிடும் வசதி. மேஜிக் கோட்ஸ் என்று பெயர். நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் என்ன ஆனது? மேற்கோள்குறி ஓர் ஆபத்து என்பதே ஒரு தலைமுறைக்குத் தெரியாமல் போனது. தரவுத்தளத்துக்குப் போகாத இடங்களிலும் பின்சாய்கோடு ஒட்டிக்கொண்டு வந்து பெயர்களை நாசமாக்கியது. கடைசியில் 2012-இல், 5.4 பதிப்பில், அதை எடுத்தே விட்டார்கள். மொழியிலிருந்து அது போய்விட்டது. அதை நம்பி எழுதிய பாடங்கள் இணையத்தில் அப்படியே நிற்கின்றன. அந்தப் பெண் படித்தது அப்படி ஒரு பாடத்தைத்தான்.

எர்ரர் ஏன் வரவில்லை? மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பிஎச்பியின் இணைப்பு, கட்டளை தோற்றுப்போனால் சத்தமில்லாமல் 'பொய்' என்று மட்டும் திருப்பிக் கொடுக்கும். எழுதியவர் ஒவ்வொரு முறையும் அதைச் சோதித்துப் பார்த்தால்தான் உண்டு. 2021 நவம்பரில் வந்த 8.1 பதிப்பிலிருந்துதான் தோற்றால் உடனே கத்தும்படி இயல்புநிலையை மாற்றினார்கள். அவர் கணினியில் இருந்ததோ, பிஎச்பியையும் மைஎஸ்க்யூஎல்லையும் சேர்த்து நிறுவித் தரும் ஸாம்ப் தொகுப்பின் ஒரு பழைய பதிப்பு.

கூட்டிப் பாருங்கள். அவர் ஒரு வாரம் தவித்ததற்குப் பெரும்பங்கு காரணம் அந்த மொழியும் அதன் பழைய பாடங்களும். அவருடைய புத்திக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் விளக்கியிருந்தால், பிஎச்பியைப் பற்றி அவர் அதுவரை கேட்டதிலேயே கடுமையான விமர்சனமாக அது இருந்திருக்கும். ஆனால் அவர் தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார்.

நிரல்மொழிகளைத் திட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. மிகப் பெரிய மனிதர்களே செய்திருக்கிறார்கள். எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவைத் தெரியும்தானே? இரு இடங்களுக்கு நடுவே மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறைக்குச் சொந்தக்காரர், 1972-இன் டூரிங் விருது பெற்றவர். 1975 ஜூனில் அவர் ஒரு குறிப்பு எழுதினார். பேசிக் மொழியை முதலில் பழகிவிட்ட மாணவர்களுக்கு நல்ல நிரலாக்கம் கற்றுக்கொடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம், அவர்கள் மனம் மீள முடியாதபடி ஊனப்பட்டுவிட்டது என்பது அதில் ஒரு கருத்து. கோபோல் கற்பிப்பதைக் குற்றமாகவே கருத வேண்டும் என்பது இன்னொன்று. ஐம்பது வருஷமாக அந்த வரிகளை எடுத்துப் போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அவர் கோபத்தில் விஷயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அன்றைய பேசிக்கில் வரி எண்களும் அங்குமிங்கும் தாவும் கட்டளைகளும்தான் பிரதானம். கொஞ்சம் பெரிய நிரல் எழுதினால் நூல்கண்டு சிக்கிய கதைதான். ஆனால் அவர் வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். மொழியில் தொடங்கி மாணவனில் வந்து நிற்கிறது. உன் மொழி மோசம் என்பது உன் மூளை கெட்டுவிட்டது என்றாகிவிட்டது. அந்தக் கணத்தில் அது விமர்சனம் என்ற இடத்தைத் தாண்டிவிட்டது.

அது மட்டுமில்லை, அது உண்மையும் இல்லை. பேசிக் யாருக்காகப் பிறந்தது? அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் 1964 மே மாதம் அதை முதலில் ஓட்டிக் காட்டினார்கள். இலக்கியமும் வரலாறும் படிக்கும் பிள்ளைகளும் கணினியைத் தொட வேண்டும் என்பதுதான் அவர்கள் ஆசை. இந்தியாவில் 1984-இல் பள்ளிகளுக்குக் கணினிக் கல்வித் திட்டம் வந்தபோது கொண்டுவந்து வைத்தது பிபிசி மைக்ரோவை. அதைத் திறந்ததும் முகத்தில் நிற்பது பேசிக். பின்லாந்தில் ஒரு பையன் தாத்தாவின் கொமடோர் விஐசி-20 கணினியில் பேசிக் எழுதித்தான் தொடங்கினான். அவன் பெயர் லினஸ் டோர்வால்ட்ஸ். மீள முடியாதபடி கெட்டுப்போன மனம் லினக்ஸைச் செய்திருக்குமா?

அதே லினஸ் 2007-இல், கிட் மென்பொருளை ஏன் சி++ மொழியில் எழுதவில்லை என்று ஒருவர் கேட்டதற்கு, சி++ எழுதுகிறவர்களை விலக்கி வைக்க உதவும் என்பதற்காகவே சி-யைத் தேர்ந்தெடுக்கலாம் என்கிற பொருளில் காட்டமாகப் பதில் எழுதினார். மறுபடியும் அதே வழுக்கல்தான், மொழியிலிருந்து ஆளுக்கு. 2018 செப்டம்பரில், தான் இத்தனை காலம் எழுதிய கடுமையான அஞ்சல்களுக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, சில வாரங்கள் பொறுப்பிலிருந்து ஒதுங்கியிருந்தார். அவருடைய தொழில்நுட்ப மதிப்பீடுகள் அதற்குப் பிறகும் மழுங்கிவிடவில்லை. மோசமான நிரலை இன்றும் மோசம் என்றுதான் சொல்கிறார்.

அப்படியானால் கடுமையாகவும் நேர்மையாகவும் ஒரு மொழியை விமர்சிக்க முடியுமா? முடியும் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி பிரையன் கெர்னிகன். சி மொழியைக் கற்றவர்கள் எல்லோரும் அவர் பெயரை அந்தப் புத்தக அட்டையில் பார்த்திருப்பீர்கள். 1981 ஏப்ரலில் பெல் ஆய்வகத்தில் இருந்தபோது அவர் ஓர் அறிக்கை எழுதினார். பாஸ்கல் ஏன் தனக்குப் பிடித்த மொழி இல்லை என்பது தலைப்பு. தலைப்பிலேயே ஓர் அடக்கம் இருக்கிறது. உலகத்துக்கே தீர்ப்புச் சொல்லாமல், எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது.

அதை எழுதும் தகுதியை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதுதான் முக்கியம். மென்பொருள் கருவிகளைப் பற்றி பி.ஜே. பிளாகருடன் சேர்ந்து முன்பே எழுதியிருந்த ஒரு முழுப் புத்தகத்தின் நிரல்களையும் பாஸ்கலில் திரும்ப எழுதிப் பார்த்தார்கள். அதில் பட்ட பாட்டைத்தான் அறிக்கையாக்கினார். முதல் குறையே நெற்றிப்பொட்டில் அடிப்பது மாதிரி இருக்கும். பாஸ்கலில் ஓர் அணியின் அளவு அதன் வகையோடு சேர்ந்தது. பத்து எழுத்துச் சரமும் பதினோரு எழுத்துச் சரமும் வேறு வேறு வகை. எந்த நீளத்துச் சரத்தையும் வாங்கிக்கொள்ளும் ஒரு பொதுவான செயற்கூற்றை எழுதவே முடியாது. பிறகு, அழைப்புகளுக்கு இடையில் மதிப்பைக் காப்பாற்றி வைக்கும் மாறிகள் இல்லை, மடக்கின் நடுவிலிருந்து வெளியே வர வழி இல்லை என்று அடுக்கிக்கொண்டே போகிறார். மென்மையான எழுத்து என்று நினைத்துவிடாதீர்கள். பாஸ்கல் அதன் மூல வடிவில் பாடம் நடத்த மட்டும்தான் ஆகும், அசல் வேலைக்கு ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆனால் பாஸ்கல் எழுதும் ஒரு மாணவன் அந்த அறிக்கையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தாலும் எங்கேயும் அவன் மீது ஒரு கீறல் விழாது. மாறாக, 'ஓ, இதனால்தான் எனக்கு அது வரவில்லையா' என்று பெருமூச்சு விடுவான்.

இன்னொன்றும் அதில் உண்டு. நிக்லாஸ் விர்த் பாஸ்கலை 1970-இல் கற்பிப்பதற்காகத்தான் செய்தார் என்பதை கெர்னிகன் மறக்கவில்லை. எதற்காகச் செய்த பொருள், அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று பிரித்துப் பார்க்கிறார். அரிவாள்மணையைக் கொண்டுபோய் மரம் வெட்டினால் அரிவாள்மணையைத் திட்டி என்ன பயன்? பின்னால் வந்த பாஸ்கல் தரநிர்ணயம் எந்த அளவு அணியையும் வாங்கிக்கொள்ள ஒரு வழியைச் சேர்த்தது. எந்த இடத்தில் வலிக்கிறது என்று தொட்டுக் காட்டினால்தானே வைத்தியமும் நடக்கும்?

இதையெல்லாம் படித்துவிட்டு, 'சரி, புதியவர்கள் முன்னால் எந்த மொழியையும் குறை சொல்லாமல் இருந்துவிடுவோம்' என்று முடிவு செய்தால் அதுவும் பெரிய அநியாயம். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் குழுவில் சிலர் அப்படித்தான் மாறினார்கள். "எல்லா மொழியும் நல்ல மொழிதான் தம்பி" என்பார்கள். கேட்க இதமாக இருக்கும். ஆனால் அது ஒரு பிள்ளையை எங்கே கொண்டுபோய் விடும் தெரியுமா?

நம்மூர்க் கல்லூரி சி லேபை நினைத்துக்கொள்ளுங்கள். டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி, நீலத் திரை. ஒரு பையன் முதலில் வயதை எண்ணாக வாங்குகிறான், பிறகு பெயரை வாங்கப் பார்க்கிறான். நிரல் பெயரைக் கேட்காமலே தாண்டிப் போய்விடுகிறது. எண்ணுக்குப் பின்னால் அவன் அழுத்திய என்டர், உள்ளீட்டு வரிசையிலேயே தங்கி, அடுத்த கட்டளைக்குப் பதிலாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவனுக்கு இது தெரியாது. பக்கத்தில் இருப்பவன் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வான், உள்ளீட்டைக் கழுவிவிடும் வரி. சி தரநிர்ணயப்படி உள்ளீட்டில் அந்தக் கட்டளைக்கு வரையறுத்த பொருளே கிடையாது. டர்போவில் ஓடும், வேறு இடத்தில் ஓடும் என்று சொல்ல முடியாது. பிறகு அவன் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போய் லினக்ஸ் கணினியில் அதையே எழுதி முழிப்பான். தனக்குப் புரோகிராமிங் வராது என்று அன்றைக்கு முடிவு கட்டிவிடுவான்.

பெயரை வாங்க அவன் பயன்படுத்திய அந்தப் பழைய செயற்கூறு இருக்கிறதே, வரும் சரம் எவ்வளவு நீளமானாலும் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் கொட்டிக்கொண்டே போவது, அது இன்னும் மோசம். 1988 நவம்பரில் இணையத்தை உலுக்கிய மாரிஸ் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று அதுதான். பாதுகாப்பாகப் பயன்படுத்த வழியே இல்லை என்று சொல்லி 2011-ஆம் ஆண்டுத் தரநிர்ணயத்தில் சி மொழிக் குழுவே அதை நீக்கிவிட்டது. இதை அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டாமா? 'சி-யை வளர்த்தவர்களே இது தப்பு என்று தூக்கி எறிந்துவிட்டார்கள், நீ தடுமாறியதில் ஆச்சரியமே இல்லை' என்று ஒருவர் சொன்னால் அவன் தோளிலிருந்து எவ்வளவு பாரம் இறங்கும்? குறையைச் சொல்லாமல் மறைத்தால், புதியவன் எல்லாக் குறையையும் தன் கணக்கில்தான் எழுதிக்கொள்வான். அனுபவம் உள்ளவனுக்கு மொழி தப்புச் செய்கிறது என்று சந்தேகப்படத் துணிச்சல் இருக்கிறது. புதியவனுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. மொழியின் மீது விமர்சனம் மிக அதிகமாகத் தேவைப்படுகிறவன் அவன்தான்.

புதியவர் தன் மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதையும் நாம் மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் எடுத்தால் பைத்தான் வரும். கணினிப் பயன்பாடுகள் எடுத்தால் பிஎச்பி வரும். வணிகவியல் பிரிவில் சேர்ந்த பிள்ளைக்கு வாய்த்த நிரல்மொழி பிஎச்பி என்றால், அதை முடிவு செய்தது அந்தப் பள்ளியில் இருந்த பாடப்பிரிவு. சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மெயின்பிரேம் பயிற்சியில் கோபோலுக்குள் தள்ளப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கையில் கிடைத்த மொழியைக் கொண்டு மாமாவின் கடைக்கு ஒரு பதிவேடு கட்டியவரைப் பார்த்து 'இந்த மொழியா?' என்று கேட்பது, 'அந்தப் பள்ளிக்கூடமா?' என்று கேட்பதற்குச் சமம். இப்படிச் சிரிக்கிறவர்கள் அன்றாடம் திறக்கும் விக்கிப்பீடியா, தமிழ் விக்கிப்பீடியா உட்பட, ஓடுவது பிஎச்பியில்தான். வேர்ட்பிரஸ்ஸும் அதில்தான்.

அந்தத் தோழி சொன்னதைக் கேட்ட பிறகு நான் கூட்டங்களில் ஒரு சோதனையைச் செய்ய ஆரம்பித்தேன். புதியவர்கள் இருக்கும் நாளில் கண்டிப்பாகச் செய்வேன். 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்பேன். மூன்று என்பார்கள், த, மி, ழ். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது ஒவ்வொருவரும் தங்கள் மொழியிடம் அதையே கேளுங்கள் என்பேன். பிஎச்பியின் வழக்கமான நீளக் கட்டளை 15 என்று சொல்லும். பைத்தான் 3-இல் 5. ஜாவாஸ்கிரிப்டிலும் 5. ஸ்விஃப்ட் தெரிந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு 3 வரும்.

பிஎச்பிக்கு 15 என்றதும் சிலர் உதட்டைச் சுழிப்பார்கள். அப்போதுதான் ரஸ்ட் எழுதுகிறவரைக் கூப்பிட்டுக் கேட்பேன். ரஸ்ட் இன்றைக்குப் பலரும் கொண்டாடும் மொழி. அதிலும் 15-தான்! எல்லோரும் பழிக்கும் மொழியும் எல்லோரும் போற்றும் மொழியும் ஒரே பதிலைச் சொல்கின்றன. அறையில் சட்டென்று சத்தம் மாறும். ஏன் 15, ஏன் 5 என்று கேள்விகள் கிளம்பும். பிறகு பலகைக்குப் போவோம். யூனிகோடில் 'மி' என்பது ம-வும் இகரக் குறியும், 'ழ்' என்பது ழ-வும் புள்ளியும். ஆக மொத்தம் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஐந்து மூன்று பதினைந்து. பைட்டை எண்ணும் மொழி 15 சொல்கிறது, குறியை எண்ணும் மொழி 5 சொல்கிறது, நாம் எழுத்து என்று நினைப்பதை எண்ணப் பார்க்கும் மொழி 3 சொல்கிறது.

"அப்ப ஸ்விஃப்ட்தான் பெஸ்ட்டா அண்ணா?" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். அதற்கும் விலை உண்டு. எழுத்து எங்கே முடிகிறது என்று முழுச் சரத்தையும் நடந்து பார்த்தால்தான் ஸ்விஃப்டால் எண்ண முடியும். ஐந்தாவது எழுத்தைக் கொடு என்று சும்மா ஓர் எண்ணைக் கொடுத்துக் கேட்க முடியாது. ஸ்விஃப்ட் புதிதாகக் கற்பவர்கள் முதலில் எரிச்சல் அடைவது அங்கேதான். தமிழில் ஒரு சொல்லைத் திருப்பிப் போடும் நிரலைப் பைத்தானில் எழுதிப் பார்த்து, புள்ளி முன்னால் வந்து நிற்பதைக் கண்டு திகைத்த பிள்ளைகள் எங்கள் குழுவிலேயே உண்டு. அன்றைக்குப் பைத்தானை எல்லோரும் சேர்ந்து நன்றாகத் திட்டுவோம். யாரும் புண்படுவதில்லை. பலகையில் இருப்பது ஒரு சொல்லும் ஓர் எண்ணும். எந்த ஆளும் அங்கே இல்லை.

தான் செய்ததைத் தானே முதலில் குறை சொல்கிறவர்மீது எனக்குத் தனி மரியாதை. டோனி ஹோர் 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காக நல் என்ற வெற்றுச் சுட்டியைக் கொண்டுவந்தார். 2009-இல் லண்டனில் ஒரு மேடையில் ஏறி, அதுவே தான் செய்த நூறு கோடி டாலர் தவறு என்றார். நோட்.ஜேஎஸ்-ஐ உருவாக்கிய ரயன் டால், 2018-இல் தான் அதில் வருந்தும் பத்து விஷயங்களைப் பற்றி ஓர் உரையே ஆற்றினார். எங்கள் கூட்டத்தில் இப்போது ஒரு வழக்கம்: யாராவது அடுத்தவர் மொழியைக் குறை சொல்வதென்றால், முதலில் தன் மொழியில் தான் மாட்டிக்கொண்ட ஓர் இடத்தைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும். சட்டம் மாதிரி எதுவும் எழுதி வைக்கவில்லை. பழகிவிட்டது.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம்தான். 'அது ரொம்ப ஈஸி', 'சும்மா ரெண்டு வரி' என்ற வார்த்தைகளை நான் நிறுத்திவிட்டேன். ஈஸியான ஒன்று வராதவருக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். பைத்தான்காரர்கள் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பில், அடைப்புக்குறியை மூட மறந்தால், எங்கோ கீழே ஒரு வரியைக் காட்டிக் குழப்பாமல், எந்தக் குறியைத் திறந்துவிட்டு மூடவில்லை என்று நேராகச் சொல்லும்படி மாற்றினார்கள். புதியவர்கள் விழுந்த அதே இடத்தில் மொழியைத் திருத்தினார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். தோழி மூலமாக அவர் நிரலை வாங்கிப் பார்த்தேன். கட்டளையில் பெயரை ஒட்டி அனுப்பாமல், கட்டளையை முதலில் தனியாகத் தயார் செய்துகொண்டு மதிப்புகளைப் பிறகு தனியாகக் கொடுக்கும் முறைக்கு மாற்றி, ஏன் மாற்றினேன் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். மேஜிக் கோட்ஸின் கதையையும் எழுதினேன். அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. நாற்பது சேர், இரண்டு அண்டா, ஒரு சீரியல் செட், டி'க்ரூஸ். கீழே, "சேவ் ஆயிடுச்சு அண்ணா. நன்றி." கூட்டத்துக்கு அவர் மறுபடி வரவில்லை.

மூத்த நண்பரிடமும் இதைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிஎச்பியில் பத்து வருஷம் அவர் பட்ட அத்தனை பாட்டையும் இப்போது ஒவ்வொரு மாதமும் அரை மணி நேரம் பாடமாக எடுக்கிறார். கேட்டால் உங்களுக்கே தெரியும், அவரைவிடக் கடுமையாக அந்த மொழியை விமர்சிக்க இந்தப் பக்கத்தில் ஆளில்லை.

அடுத்த கூட்டம் இரண்டாவது ஞாயிறு, காலை பத்து மணி, அதே மாடி. எந்த மொழியில் எழுதியிருந்தாலும் சரி, ஓடாத நிரல் ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். எதைச் செய்ய எழுதினீர்கள் என்றுதான் முதலில் கேட்போம்.